புண்ணில்லாத முதுகு



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர், தம் பெயரையோ மறைந்த மனைவியார் பெயரையோ மேடையில் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அறக்கட்டளை பிறந்த கதையை மட்டும் சொல்லிக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறேன். அம்மையார் கடைசி மாதங்களில் மருத்துவமனையில் கிடந்தபோது அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர் ஒருவர் உண்டு. எல்லாம் முடிந்து, பதினாறாம் நாள் காரியமும் ஆனபிறகு, பெரியவர் ஒரு பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு அந்த வார்டுக்குப் போனார். "இதெல்லாம் வாங்கக்கூடாது சார், ரூல்ஸ் இருக்கு. நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாராம். கொடுக்க முடியாமல் போன புடவையின் விலையோடு ஓய்வூதியச் சேமிப்பையும் சேர்த்து வங்கியில் போட்டார். அதன் வட்டியில்தான் நாம் இன்று கூடியிருக்கிறோம். புடவை என்ன ஆயிற்று என்று கேட்டேன். பேத்தி கட்டிக்கொண்டாளாம்.

நான் மருத்துவம் படித்தவனில்லை, தமிழ் வாத்தியார். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அனுபவம்தான் இந்த மேடைக்கு என் தகுதி. 'செவிலியர்க்கு நன்றி' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நாம் நன்றி சொல்லும் முறையிலிருந்தே தொடங்குகிறேன்.

நாளிதழில் நினைவஞ்சலி விளம்பரம் பார்க்கிறோம். 'சிறந்த முறையில் சிகிச்சை அளித்த' என்று தொடங்கி மருத்துவர்களின் பெயர்கள் பட்டத்தோடு வரிசையாக வரும். கடைசியில் 'மற்றும் செவிலியர்கள், ஊழியர்கள்' என்று ஒரு வால் இருக்கும். இரவு முழுக்கக் கட்டிலருகே நின்றவர் அந்த 'மற்றும்'முக்குள் அடக்கம். டிஸ்சார்ஜ் அன்று ஸ்வீட் பாக்ஸ் ஒன்று வார்டு மேசைக்குப் போகும். அதைத் தாண்டி யாராவது பேசினால் 'தெய்வம் மாதிரி பார்த்துக்கிட்டாங்க' என்பார்கள். இந்தத் தெய்வம் என்ற பேச்சுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. தெய்வத்துக்குச் சம்பளம் வேண்டாம். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தாலும் அதற்குக் கால் வலிக்காது. எப்படிச் செய்தது என்று யாரும் விசாரிப்பதுமில்லை. கருணை என்று நாம் புகழ்கிற பலவும் கைத்திறன் என்றும், அந்தத் திறன் வேலை செய்ய ஆளும் நேரமும் வேண்டும் என்றும் நான் நினைக்கிறேன். இதைப் பார்க்காமல் சொல்கிற நன்றி வெறும் உபசாரம்.

என் தாயார் பக்கவாதத்தில் விழுந்தபோது ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வலப்பக்கம் முழுதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. பெண்கள் வார்டு. கட்டில்களுக்கு நடுவே தரையிலும் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். ராத்திரி டூட்டிக்கு வந்தவர் ஐம்பதை நெருங்கிய ஒரு செவிலியர். சிரித்த முகம் என்று சொல்லமாட்டேன். நடையில் வேகம், பேச்சில் சுருக்கம்.

மறுநாள் காலை என் சித்தி வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தார். அம்மாவுக்குக் காபி என்றால் உயிர். டம்ளரை வாயருகே கொண்டுபோன நேரத்தில் அந்தச் செவிலியர் வந்து கையைப் பிடித்துவிட்டார். சித்திக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கூடப் பிறந்தவளுக்கு ஒரு வாய் காபி கொடுக்கிறதுக்கும் இவங்க பர்மிஷனா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார். செவிலியர் பதில் சொல்லவில்லை. தலையணைகளை முட்டுக்கொடுத்து அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்தார். முகவாயைச் சற்றே கீழே சாய்த்தார். ஒரு டீஸ்பூன் தண்ணீரை இடப்பக்கக் கடைவாயில் விட்டு, தொண்டையின் மேல் இரண்டு விரல்களை வைத்துக் காத்திருந்தார். "பாட்டி, ஏதாவது சத்தம் போடுங்க" என்றார். அம்மாவிடமிருந்து வந்த சத்தம் கொழகொழவென்று, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. பின்னாலேயே இருமல். "பாத்தீங்களாம்மா? முழுங்கல, உள்ள நிக்குது. புரையேறி நுரையீரலுக்குப் போனா நிமோனியா ஆயிடும். கொஞ்ச நாள் பொறுங்க, நானே காபி கொடுக்கிறேன்" என்றார். அன்று மத்தியானம் மூக்குக் குழாய் போட்டார்கள்.

பக்கவாதத்தில் விழுங்கும் தசைகள் தளர்ந்துபோவது அடிக்கடி நடப்பதுதான், அதனால் வரும் நிமோனியா அந்த நோயாளிகளைக் கொல்லும் காரணங்களில் முக்கியமானது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நீர்த்த பொருள்தான் முதலில் புரையேறும், கெட்டியாக இருந்தால் தொண்டை ஓரளவு சமாளிக்கும். அதனால்தான் குழாயை எடுக்கும் கட்டம் வந்ததும் அவர் முதலில் கேழ்வரகுக் கூழ் கொடுத்தார், அப்புறம் குழைந்த சாதம். காபி எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. சொன்ன சொல்லை மறக்காமல், டூட்டி முடிந்து வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில் தம் கையாலேயே கொடுத்துவிட்டுப் போனார். சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகையை விடுங்கள். அன்றைக்குச் சிரித்த முகத்தோடு "கொடுங்கம்மா, பாவம்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவரை நாங்கள் கருணையுள்ளவர் என்றுதான் சொல்லியிருப்போம். அம்மாவைக் காப்பாற்றியது சுருக்கமாகப் பேசிய இவர்.

ராத்திரியில் அவர் செய்த இன்னொரு வேலையையும் ஸ்டூலில் உட்கார்ந்தபடி கவனித்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வருவார். ஒருபக்கமாகப் படுத்திருக்கும் அம்மாவை, அடியில் குறுக்கே விரித்திருந்த துணியோடு சேர்த்துத் தூக்கி மறுபக்கம் திருப்புவார். இழுத்துத் திருப்பினால் தோல் உரசி வழன்றுவிடும், அதனால் தூக்கித்தான் திருப்ப வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், பெரும்பாலும் அந்த ஆள் நான்தான். திருப்பியபின் உள்ளங்கையை முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவே விட்டு ஒரு சுருக்கமும் இல்லாமல் நீவுவார். பாவாடை நாடாவின் முடிச்சு இடுப்புக்கு அடியில் போய்விட்டதா என்று பார்த்துப் பக்கவாட்டுக்குத் தள்ளுவார். புடவையின் கொசுவம் அடியில் மடிந்து கிடந்தால் உருவி எடுப்பார். கடைசியாக டார்ச் அடித்து வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால் என்று மூன்று இடங்களைப் பார்ப்பார். பார்ப்பதோடு நிற்கமாட்டார், புறங்கையை வைத்துத் தொட்டும் பார்ப்பார். எதற்கு என்று கேட்டேன். "புஸ்தகத்துல சிவக்கும்னு போட்டிருக்கும் சார். அது வெள்ளைக்காரங்க தோலுக்கு. நம்ம தோல்ல சிவப்பு எங்க தெரியுது? தொட்டா சூடா இருக்கும், இல்ல கெட்டியா இருக்கும். அப்பவே பிடிச்சிடணும்." கறுத்த தோலில் படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி கண்ணுக்குத் தப்பிவிடும் என்று இன்று மேலை நாட்டுப் பாடநூல்களே எழுதுகின்றன. அவர் அதைப் பாடநூலில் படித்தாரா, கையால் தெரிந்துகொண்டாரா, தெரியாது.

இரும்புச் சட்டியாக இருந்த பெட் பேனை வைக்கும் முன் வெந்நீர் ஊற்றித் துடைப்பார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்கழிக் குளிரில் பேச்சிழந்த ஒரு கிழவிக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி என் துறைக்குக் கொஞ்சம் போய்வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதுகில் புண் படுவதை இழிவென்று கருதிய மரபு நம்முடையது. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், புண் முதுகிலும் பட்டுவிட்டதே என்று நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். புறநானூறு படித்த எல்லோருக்கும் இது தெரியும். புறப்புண்ணுக்கு அரசன் நாணிய நாட்டில், படுக்கையில் கிடப்பவரின் முதுகு புண்ணாவதற்கு யாரும் நாணுவதில்லை. "படுத்த படுக்கையா இருந்தாங்க, முதுகெல்லாம் புண்ணாயிடுச்சு" என்று மழை பெய்ததைப்போலச் சாதாரணமாகச் சொல்கிறோம். நோயின் இயல்பு அது என்று நினைத்துக்கொள்கிறோம்.

அது நோயின் இயல்பில்லை. படுக்கைப்புண் வந்தால் பழி பெரும்பாலும் பராமரிப்பின் மேல்தான் என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 'நோட்ஸ் ஆன் நர்சிங்' நூலில் அன்றைக்கே எழுதிவிட்டார். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே அகப்பட்ட தசையில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்குகின்றன. மணிக்கணக்கில் அப்படியே கிடந்தால் அங்கே ரத்தம் போகாமல் தசை சாகிறது. மேலே தோலில் சிறு புள்ளி தெரியும்போது உள்ளே குழி விழுந்திருக்கும். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று கேட்டவரும் ஒரு செவிலியர்தான். இங்கிலாந்தின் டோரீன் நார்ட்டன், முதியோர் வார்டுகளில் ஆராய்ந்து 1962-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், அசைவு, மலசலக் கட்டுப்பாடு என ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். மதிப்பெண் குறைந்தால் ஆபத்து கூடுதல். பின்னால் அமெரிக்காவில் பிரேடன் முறை வந்தது. செவிலியம் படிக்கும் மாணவியரே, உங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம், உங்களுக்காகச் சொல்லவில்லை. உங்கள் கையில் இருப்பது ஒரு விஞ்ஞானம் என்று பின்வரிசைப் பெற்றோருக்குச் சொல்கிறேன்.

இந்த விஞ்ஞானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. மும்பை பரேலில் கே.இ.எம். மருத்துவமனை. அங்கே இளம் செவிலியராக இருந்தவர் அருணா ஷான்பாக், கர்நாடகத்தின் ஹல்திப்பூரிலிருந்து வந்தவர், அங்கேயே ஒரு மருத்துவரோடு திருமணம் நிச்சயமாகியிருந்தது. 1973 நவம்பர் 27 அன்று அதே மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்து அவரைத் தாக்கினான். மூளைக்கு ரத்தம் நின்றது. பார்வையும் பேச்சும் நினைவும் போயின. தாக்கியவன் ஏழாண்டுத் தண்டனையோடு வெளியே வந்துவிட்டான். அருணா 2015 மே 18 அன்று இறக்கும்வரை அதே மருத்துவமனையில், நான்காம் எண் வார்டை ஒட்டிய ஓர் அறையில் கிடந்தார். நாற்பத்தொரு வருடங்களுக்கு மேல்.

அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் கே.இ.எம். செவிலியர்கள். 1973-இல் அவரோடு டூட்டி பார்த்த தோழியர் 2015-க்குள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். அவர்களிடமிருந்து அடுத்த தலைமுறை வாங்கிக்கொண்டது. அருணா எழுந்து நடந்ததை ஒருநாளும் பார்த்திராத, அவர் தாக்கப்பட்டபோது பிறந்தேயிராத பெண்கள் அவருக்குத் தலைவாரினார்கள், மசித்த உணவு ஊட்டினார்கள், துடைத்தார்கள், திருப்பிப் படுக்கவைத்தார்கள். 1980-களில் கட்டிலைக் காலி செய்ய மாநகராட்சி அவரை வேறிடத்துக்கு மாற்றப் பார்த்தபோது செவிலியர் போராடித் தடுத்தார்கள். எழுத்தாளர் பிங்கி விரானி, அருணாவை இந்த நிலையில் வைத்திருப்பது கொடுமை, உணவளிப்பதை நிறுத்த அனுமதிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் போனார். நீதிமன்றம் மூன்று மருத்துவர்களை அனுப்பிப் பரிசோதிக்கச் சொன்னது. 2011 மார்ச் 7 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான் சுதா மிஸ்ரா அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்து தீர்ப்பளித்தது. அருணாவின் நெருங்கிய துணையாக அவர் சார்பில் பேசும் உரிமை மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது. முப்பத்தேழு ஆண்டுகள் படுத்த படுக்கையாகக் கிடந்தவரின் உடம்பில் ஒரு படுக்கைப்புண்கூட இல்லை என்பது அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கை நாற்பத்தொரு ஆண்டுக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் தடவைக்கு மேல் வருகிறது. ஒரு நாள் ஒருவர் சலித்து விட்டிருந்தால், ஒரு தீபாவளி ராத்திரி ஆளில்லாமல் போயிருந்தால், முதுகு அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். காகிதத்தில் பொய் எழுதலாம், தோலில் எழுத முடியாது. நன்றி சொல்ல அருணாவுக்கு வாயில்லை. சொந்தபந்தங்கள் வந்துபோவதும் காலப்போக்கில் நின்றுபோயிருந்தது. ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவர யாருமில்லை. நன்றி வரவே வழியில்லாத இடத்தில் இந்த வேலை தலைமுறை தாண்டி நடந்திருக்கிறது.

அவரை அப்படி உயிரோடு வைத்திருந்தது சரியா என்ற கேள்வி எளிதானதில்லை. விரானி கேட்ட கேள்வியில் இரக்கம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த வழக்கில்தான், உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்திப் போகவிடும் செயலற்ற கருணைக்கொலைக்கு இந்தியாவில் முதன்முதலாக வழி திறந்தது. 2018-இல் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, உயிரைச் செயற்கையாக நீட்டிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் ஏற்றது. எனக்கு அப்படி ஒரு நிலை வந்தால் போகவிடுங்கள் என்றுதான் என் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் மனு தள்ளுபடியானதும் கே.இ.எம். செவிலியர் இனிப்பு வழங்கிக் கொண்டாடியதைச் சிலர் கேலி செய்தபோது என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அருணா தாக்கப்பட்டதும் மும்பைச் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தார்கள், பாதுகாப்பும் நல்ல பணிச்சூழலும் கேட்டார்கள். அருணாவுக்குச் சோறூட்டத் தொடங்கிய அதே கைகள்தான் அன்று கோஷம் போட்டு உயர்ந்தன. சேவை செய்பவர் உரிமை கேட்கக்கூடாது என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

நம் ஊருக்கு வருவோம். சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் பள்ளி திறந்தார், 1946-இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது, நாட்டிலேயே முதல் வரிசை. 1926-இல் சென்னை மாகாணம் செவிலியருக்கும் மகப்பேற்றுச் செவிலியருக்கும் தனிச்சட்டம் போட்டது. வரலாறு இப்படிப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீடுகள் பெண்களை அந்தப் படிப்புக்கு அனுப்பவில்லை. ஊரான் உடம்பைத் தொட வேண்டும், மலம் சலம் எடுக்க வேண்டும், ராத்திரியில் வெளியே தங்க வேண்டும். சாதிக்கும் ஆண்களுக்கும் மூன்றும் ஆகாது. நெடுங்காலம் கிறித்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும்தான் இந்த வேலையைத் தாங்கினார்கள். 1946-இல் வந்த, நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்று கணக்கிட்டது. பொண்ணு நர்ஸ் என்றால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது சவுதி விசா, லண்டன் விசா என்றதும் அதே வீடுகள் ஜாதகத்தைத் தேடி வருகின்றன. மதிப்பு கூடியது வேலைக்கா, விசாவுக்கா என்று உங்களுக்கே தெரியும்.

எல்லாச் செவிலியரும் பொறுமையின் வடிவம் என்று நான் சொல்ல வரவில்லை. பிரசவ வலியில் கத்துகிற பெண்ணைக் காதில் கேட்க முடியாத சொல்லால் திட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். குழந்தையை வெளியே கொண்டுவந்து காட்டக் காசு கேட்டதையும் கண்டிருக்கிறேன். ஏழை வந்தால் ஒரு குரல், கார் வந்தால் ஒரு குரல். மாணவியரே, இதை உங்கள் ஆசிரியர்கள் சொல்லத் தயங்கலாம், விருந்தாளியாக வந்த நான் சொல்லிவிடுகிறேன். அதே மூச்சில், அந்த வார்டில் அன்று இரவு எத்தனை பேருக்கு எத்தனை செவிலியர் இருந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றப் பொது மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. என் தாயார் கிடந்த வார்டில் அந்த ஒரு செவிலியரும் ஒரு பயிற்சி மாணவியும் இருந்தார்கள். கட்டில்களையும் பாய்களையும் நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், அளவின் பக்கத்தில்கூட வராது. இதனால் என்ன கெடும் என்று லிண்டா எய்க்கன் என்ற ஆய்வாளர் அளந்து காட்டினார். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு செவிலியர் கவனிக்கும் அறுவைச் சிகிச்சை நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒருவர் கூடினாலும் முப்பது நாளுக்குள் சாகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார். ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் பார்த்து 2014-இல் வெளியிட்டதிலும் அதே 7. கருணை குறைந்ததால் செத்தவர்கள் இல்லை இவர்கள். கவனிக்க வந்தவருக்கு இரண்டே கை இருந்ததால் செத்தவர்கள்.

சம்பளம் வேறு. தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு எவ்வளவு சிறிய மருத்துவமனையானாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று, உச்சநீதிமன்றம் சொன்னதால் அமைந்த குழு 2016-இல் பரிந்துரைத்தது. இன்று இந்த அரங்கில் இருக்கும், வேலைக்குப் போய்விட்ட பழைய மாணவியர் தம் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நம் அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தேர்வெழுதி வந்தவர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் இருந்தார்கள். 2017 நவம்பரில் பணிநிரந்தரம் கேட்டு சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனா வந்தது. 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாமெல்லாம் வாசலில் நின்று கைதட்டினோம், தட்டும் தட்டினோம். அந்தக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டது. மாற்றுப்பணி தருகிறோம் என்றார்கள். வாசலுக்கு வந்து கைதட்டியவர்களில் எத்தனை பேர் அந்த ஜனவரியில் அவர்களுக்காக ஒரு தபால் அட்டை எழுதினோம்?

சரி, ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம், புடவை வேண்டாம், என்னதான் செய்வது? அமெரிக்காவில் ஒரு குடும்பம் கண்ட வழியைச் சொல்கிறேன். பேட்ரிக் பார்ன்ஸ் என்ற 33 வயது இளைஞர் ரத்தத் தட்டணுக்களை உடம்பே அழித்துவிடும் ஒரு நோயில் 1999-இல் இறந்துபோனார். கடைசி வாரங்களில் செவிலியர் காட்டிய பரிவை மறக்க முடியாத குடும்பம் அதே ஆண்டில் டெய்சி அறக்கட்டளையைத் தொடங்கியது. அது தரும் விருதுக்கு நோயாளிகளும் குடும்பத்தாரும் செவிலியரைப் பரிந்துரைக்கலாம். பரிந்துரை என்றால் 'நல்லவர், தங்கமானவர்' என்று எழுதினால் போதாது. அவர் என்ன செய்தார் என்று நடந்ததை எழுத வேண்டும். உலகின் பல நாடுகளுக்கு இன்று அது பரவியிருக்கிறது. விருதைவிட எனக்குப் பிடித்தது அந்த எழுத்துதான். முடிச்சை நகர்த்தினார், தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தார், பெட் பேனை வெந்நீரில் துடைத்தார் என்று எழுதத் தொடங்கினால் நாம் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

பெரியவரிடம் இது பற்றிப் பேசினேன். அடுத்த ஆண்டு முதல் வட்டியில் ஒரு பகுதியை, இந்த மாவட்டத்தின் நோயாளிகளும் வீட்டாரும் எழுதி அனுப்பும் இத்தகைய பதிவுகளைச் சிறு நூலாக அச்சிடச் செலவிடலாம் என்று சம்மதித்திருக்கிறார். தமிழில் எழுதுங்கள், பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள், பிழை இருந்தால் நான் திருத்தித் தருகிறேன், அது என் தொழில். எழுதியதில் ஒரு நகலைச் செவிலியரின் பெயர் குறிப்பிட்டு மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள். பெயர் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை நாள் 'சிஸ்டர், சிஸ்டர்' என்று கூப்பிட்டுவிட்டுப் பெயர் தெரியாமல் வீடு திரும்பியிருக்கிறோம்!

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வார்டின் வாசலிலும் ஒரு பலகை வேண்டும். இந்த ஷிப்டில் நோயாளிகள் இத்தனை பேர், செவிலியர் இத்தனை பேர் என்று தினம் மூன்று வேளையும் சாக்குக்கட்டியால் எழுதினால் போதும், செலவு ஒன்றும் இல்லை. எண்ணைப் பார்த்தால் நம் ஆட்கள் செவிலியரிடம் சத்தம் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பார்கள், சத்தத்தைச் சட்டமன்ற உறுப்பினரிடம் போடுவார்கள். இதை வலியுறுத்தி மாவட்ட ஆட்சியருக்கும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். அரங்கின் வாசலில், டீ வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறார்கள். டீ குடிப்பதற்கு முன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.